களைத்தவருக்கு யார் பருப்புக் கொடுப்பது?

2020 டிசம்பரில் கேகாலை ஹெட்டிமுல்லையில் திரண்ட கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரிக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. தேனும் சாதிக்காயும் சேர்ந்த ‘தம்மிக்க பாணி’யைக் குடித்தால் கொரோனா ஆயுளுக்கும் அண்டாது என்று கதை பரவியிருந்தது. ஒரு போத்தலுக்காக ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். பாணியைக் குடித்துக்காட்டிய அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சிக்கே அடுத்த மாதம் தொற்று வந்தது. எங்கள் கடுகண்ணாவையிலிருந்து கொழும்பு வீதியில் இறங்கினால் மாவனெல்லை, அதற்கடுத்தது கேகாலை. ஆகவே இது எங்களுக்கு எங்கோ நடந்த வேடிக்கை இல்லை. போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களை எனக்கே தெரியும்.

அவர்களை மூடர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் வந்தது. ஜூன் கடைசியில் முற்றாக எடுத்தார்கள். சனம் மூச்சு விட்டது. ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொற்று மறுபடி தொடங்கியது. பயத்தையாவது ஒரு மாதம் இரண்டு மாதம் தாங்கலாம். எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு ஆளை அரித்துவிடும். அந்தப் போத்தலில் அவர்கள் தேடியது ஒரு முடிவுத் திகதியை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவும் அந்த ஒக்டோபரில்தான் பெருந்தொற்றுக் களைப்பைப் பற்றிப் பேசியது. நீண்ட நெருக்கடியில் மனிதருக்கு இப்படி வருவது இயல்பே என்றது. ஐரோப்பாவில் இயல்பு, கேகாலையில் முட்டாள்தனமா?

களைப்புக்கு அப்போது கிடைத்த மருந்தெல்லாம் அறிவுரைதான். மூச்சை ஆழமாக இழுங்கள், நல்லதையே நினையுங்கள், வீட்டுத்தோட்டம் போடுங்கள், குடும்பத்தோடு பொழுதைக் கழியுங்கள். மூச்சுப் பயிற்சியோடு எனக்குச் சண்டை இல்லை. செய்து பார்த்தேன், நல்லதுதான். ஆனால் அதைச் செய்ய ஒரு கால் மணி நேரம் வேண்டுமே, அதை யார் தருவது? என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் பாடம் அனுப்ப வேண்டும். அதே போனில்தான் என் இரண்டு பிள்ளைகளின் வகுப்பும். அவர்கள் தூங்கிய பிறகு, கொப்பிப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியவர்களுக்கு ஒவ்வொன்றாகத் திருத்தம். இடையில் மூன்று வேளைச் சமையல், நாலு தரம் தேத்தண்ணி, மாமியின் சீனி வருத்தத்துக்கு மருந்து. எல்லோரும் வீட்டிலேயே இருந்தால் வீட்டு வேலை குறையும் என்று எண்ணியவர்கள் ஒரு நாளும் குசினிக்குள் நிற்காதவர்கள். ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற அதே கட்டளை வீட்டில் சிலருக்கு லீவு, ஒருவருக்கு இரட்டை வேலை.

இந்த மலையடிவாரம் இதைவிடப் பெரிய கொள்ளைநோயைக் கண்டது. 1934இல் மழை பொய்த்து, மகா ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. நுளம்பு பெருகியது. அடுத்த ஆண்டுக்குள் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேரை மலேரியா கொண்டுபோனது. மிக மோசமாக அடிபட்டவற்றில் கேகாலையும் குருணாகலும் அடங்கும். அங்கே நிவாரணத்துக்குப் போன சூரியமல் என்ற இடதுசாரி இயக்கத்து இளைஞர்கள் கண்டது காய்ச்சலை மட்டுமில்லை, அதற்கு முன்பே குடியிருந்த பட்டினியையும்தான். வெறும் வயிற்றுக்குக் கொயினா கொடுத்து என்ன பயன்? மாமைட்டை மாத்திரையாக உருட்டிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா பருப்புப் பங்கிட்டார். பட்டம் பெற்ற அந்த அரசியல்வாதிக்குச் சனம் வைத்த பெயர் ‘பருப்பு மாத்தயா’. எதிரிகள் கேலியாகச் சொன்னார்களோ, சாப்பிட்டவர்கள் அன்பாகச் சொன்னார்களோ, 1936இல் ருவன்வெல்லைத் தொகுதி அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது.

சோர்ந்து கிடந்தவரிடம் மனதைத் திடப்படுத்து என்று சொல்லாமல், இவருக்கு எது போதாமல் இருக்கிறது என்று அந்த இளைஞர்கள் பார்த்தார்கள். நம் காலத்துக் களைப்பையும் அப்படிக் கேட்டிருக்க வேண்டும். அன்று போதாதது சோறு. 2020இல் அன்றாடக் கூலிக்காரருக்கு அதுவேதான். அரசு கொடுத்த 5,000 ரூபா எத்தனை நாளைக்கு? எனக்குப் போதாமல் இருந்தது நேரமும் இன்னொரு சோடிக் கையும். தனியாக இருந்த முதியவருக்கு, வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேச ஓர் ஆள். ஒரே அறிவுரையை எல்லோருக்கும் அனுப்பலாம். பருப்பை ஆள் பார்த்துத்தான் கொடுக்க முடியும்.

நீராவிக் காலத்தில் ரம்புக்கனையில் நின்று, பின்னால் தள்ள இன்னோர் எஞ்சினை மாட்டிக்கொண்டுதான் ரயில் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும். முன் எஞ்சினுக்குத் தைரியம் சொல்லி எவரும் அனுப்பி வைக்கவில்லை.

ஒரு நாள் மதில் அருகே நின்ற பக்கத்து வீட்டு மெனிக்கே அக்கா என் முகத்தைப் பார்த்தார். “தங்கச்சி, நாளைக்கு நீ மத்தியானம் சமைக்காதே. பலாக்காய் இருக்கு, நான் அவிச்சு அனுப்புறன்” என்றார். எனக்கு அழுகை வந்தது, பலாக்காய்க்காக ஒருவர் அழுவது கொஞ்சம் வேடிக்கைதான். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மதிலுக்கு மேலால் சட்டி போய் வந்தது. தொற்று வராமலிருக்க மதில்மேல் வைத்துவிட்டு விலகி நின்று கத்திப் பேசினோம். அந்தக் கத்தல் பேச்சில் பாதி புலம்பல். வாய்விட்டுப் புலம்ப ஒருவர் கிடைத்ததும், யாரிடமும் தைரியசாலி வேடம் போடத் தேவையில்லாமல் போனதும் எந்த யோகா வீடியோவைவிடவும் எனக்கு உதவின.

தொற்று அடங்கியும் ஓய்வு கிடைக்கவில்லை. 2022இல் காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. பழைய களைப்பு இறங்குமுன் புதியது ஏறிக்கொண்டது. இன்று சிறு சத்தத்துக்கும் சீறுகிறவர்களை, முகம் கொடுக்காத கடைக்காரரைக் காணும்போது அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்றே நினைக்கிறேன்.

முடக்கக் காலத்தில் என் வீட்டுக்காரர் தேங்காய் துருவவும் பருப்புக்குத் தாளிக்கவும் பழகினார், நன்றாகவே செய்வார். வேலைக்குப் போகத் தொடங்கியதும் அது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றாகிவிட்டது. அதையும் சனி இரவே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.