தம்பி வந்துட்டானா?

அப்பத்தாவிடம் இப்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு கதை. சிறுமியாக இருந்தபோது அவளும் தம்பியும் ஓர் ஆட்டுக்குட்டியை விற்க மானாமதுரைச் சந்தைக்கு நடந்துபோன கதை. விலை படிந்து காசைக் கையில் வாங்கிய பிறகு தம்பி தரையில் உருண்டு அழ, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குட்டியோடு வீடு திரும்பினார்கள். சின்ன வயதில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

அல்சைமர் வந்த பிறகு கதையிலிருந்து பெயர்கள் உதிரத் தொடங்கின. முதலில் மானாமதுரை 'அங்க' ஆனது. பிறகு ஆட்டுக்குட்டி 'அது' ஆனது. "அதப் புடிச்சுக்கிட்டு அங்க போனோம்ல, அவன் விடமாட்டேன்னு உருண்டான்" என்பாள். வெளியாளுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் வாக்கியம் எங்கும் தடுமாறாது.

நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக்குக்கும் இதே நோய்தான். 1995இல் அவருடைய கடைசி நாவல் 'ஜாக்சன்ஸ் டைலமா' வந்தபோது நோய் இன்னும் கண்டறியப்படவில்லை. 1999இல் அவர் இறந்த பிறகு, ஆய்வாளர்கள் அந்த நாவலை 1954, 1978ஆம் ஆண்டுகளில் வந்த அவருடைய நாவல்களோடு ஒப்பிட்டார்கள். வாக்கிய அமைப்பு பெரிதாக மாறவில்லை. சொற்களஞ்சியம்தான் சுருங்கியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் 'அது'தான் ஞாபகம் வந்தது.

சிக்கல் கதையில் இல்லை, கதை முடிந்ததும் அவள் கேட்கும் கேள்வியில் இருந்தது. "தம்பி வந்துட்டானா?"

சின்னத்தாத்தா இறந்து ஆறு வருடமாகிறது. புதிய நினைவுகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகேம்பஸைத்தான் இந்த நோய் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. அதனால் எழுபது வருடத்துக்கு முந்தைய சந்தை அவளுக்கு இருக்கிறது, ஆறு வருடத்துக்கு முந்தைய சாவு இல்லை. கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான், உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். "அவரு செத்துப்போயி ஆறு வருஷமாச்சு அப்பத்தா" என்றேன்.

மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அது அப்போதுதான் நடந்த சாவு. கால் மணி நேரத்தில் நான் சொன்னது மறந்துவிட்டது. துக்கம் மறக்கவில்லை. எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே மூக்கைச் சிந்திக்கொண்டு, "தம்பி வந்துட்டானா?" என்றாள்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "வருவாரு அத்தை. வந்தா என்ன ஆக்கிப்போடச் சொல்றீங்க?" அப்பத்தாவின் முகம் தெளிந்தது. நான் பின்னாலேயே அடுப்படிக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "பொய் சொல்றியேம்மா."

"நீ சொன்ன உண்மைய வச்சு அவுங்க என்ன செஞ்சாங்க, சொல்லு?"

பதில் இல்லை. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரே, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்கிறார். ஆனால் அடுத்த குறளிலேயே, மனம் அறிந்த ஒன்றைப் பற்றிப் பொய் சொல்லாதே என்றும் சொல்லிவிடுகிறார். எனக்கு இரண்டாவது குறள் வசதியாக இருந்தது. அம்மாவுக்கு முதல் குறள் என்று நினைத்துக்கொண்டேன்.

அது தப்பு என்று ஒரு ராத்திரி தெரிந்தது. அப்பத்தா அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "மறைக்காம சொல்லு. அவன் இல்லதானே?" என்றாள். அம்மா 'வருவாரு' என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "இல்ல அத்தை. போயிட்டாரு" என்றாள்.

"நான் போனேனா?"

"போனீங்க. நானும் கூட வந்தேன். நீங்கதான் கடைசியா முகத்தைத் தொடச்சுவிட்டீங்க."

அப்பத்தா தலையாட்டினாள். அழவில்லை.

ஒரே விஷயம், ஒரே அம்மா, இரண்டு பதில்கள். நான் ஒரு விதியைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா அப்பத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைக் கேட்கிறாள், தம்பியையா, உண்மையையா என்று. மர்டாக் தத்துவ ஆசிரியரும்கூட. 1970இல் வந்த அவருடைய புத்தகம் ஒன்றில், மருமகளை மட்டமாக நினைத்த ஒரு மாமியார் அவளைத் திரும்பத் திரும்பக் கவனித்துப் பார்த்து, தன் பார்வையை மாற்றிக்கொள்ளும் உதாரணம் வருகிறது. முடிவெடுக்கும் கணத்துக்கு முன்பே, நாம் பார்க்கும் விதத்தில் அறம் தொடங்கிவிடுகிறது என்பது அவர் வாதம். எங்கள் வீட்டில் பார்த்தது மருமகள்.

இதை வைத்து எல்லாப் பொய்க்கும் மன்னிப்பு வாங்க முடியாது. ஒருநாள் அப்பத்தா ஐந்தாவது தடவையாகக் கேட்டபோது, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே "வருவாரு, வருவாரு" என்றேன். அம்மா சொன்ன அதே சொல்தான். அம்மா அதை அப்பத்தாவுக்காகச் சொன்னாள், நான் என் நிம்மதிக்காகச் சொன்னேன். இன்றும் உறுத்துவது அந்தப் பொய்தான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தா இப்போது அதிகம் பேசுவதில்லை. அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையை அவளுக்குச் சொல்கிறாள். "நீங்களும் தம்பியும் கறுப்புக் குட்டியப் புடிச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"இல்ல" என்றாள் அப்பத்தா. கொஞ்ச நேரம் யோசித்து, "செவல" என்றாள்.

குட்டியின் நிறத்தை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. "ஆமா அத்தை, செவலக் குட்டி" என்று அம்மா திருத்திக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.