பாங்கு கேட்டதா?

சூரத்துந் நஹ்ல் 78-வது வசனத்தில் அல்லாஹ் பார்வைக்கு முன் செவியைச் சொல்கிறான். கருவிலேயே உட்செவி நிறைந்து, தாயின் குரல் பிள்ளைக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. உட்செவியில் இருக்கும் நீர் கேட்பதற்கானது. நடுச்செவியில் தங்கும் நீரோ தடை. பிறந்த சில நாட்களில் அது வற்றும். ஆகவே முதல் சோதனை சரியாக வராவிட்டால் பதறாமல் மறுபடி பாருங்கள்.

பாங்கு சொல்கிறோம், இனிப்பு வழங்குகிறோம். பிள்ளைக்குக் கேட்டதா என்று பார்த்தோமா? தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவர், "எங்க வீட்டுல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவாங்க ஹஜ்ரத்" என்றார். பிள்ளைக்கு மூன்று வயது!

ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்றுக்குள் உறுதி, ஆறுக்குள் சிகிச்சை என்கிறார்கள் மருத்துவர்கள். காக்ளியர் கருவிக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆறு வயதுக்குள் போக வேண்டும். வேலூர் சி.எம்.சி. பக்கத்தில்தான். கைக்குழந்தை உள்ளவர்கள் தொழுகைக்குப் பின் என்னைப் பாருங்கள்.