எண்ணிட்ட பிரதி

எங்களில் ஒருவன் ஒரு படம் வாங்கினான். அதிலிருந்துதான் இந்தக் கேள்வி எழுந்தது.

வெஸ்ட்லி, ஒஸ்லோவின் ஐந்தாம் இலக்கச் சுரங்க ரயில் போய் முடிகிற இடம். உணவகங்களில் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, இரவு கடைசி ரயிலில் ஒன்றாக வந்திறங்குகிற நாலைந்து பேர் நாங்கள். அவன் வாங்கியது சில்க் ஸ்கிரீனில் அச்சான படம். டொனால்ட் டக்கை நினைவூட்டும் ஒரு வாத்து, களைத்துப்போய்க் கதிரையில் இருக்கிறது. கீழே பென்சிலால் 63/150 என்று எழுதி ஓவியர் கையொப்பமிட்டிருக்கிறார். விலை 6000 குறோணர்.

முதலில் சிரித்தோம். பிறகு கோபப்பட்டோம். "தங்கச்சி வவுனியாவில வாடகை வீட்டில இருக்கிறாள், உனக்கு வாத்துப் படமோ?" என்று கேட்டோம். அவன் ஆறுதலாகச் சொன்னான்: "அண்ணை, போன வருசம் பிள்ளையின்ர சாமத்திய வீட்டு அல்பத்துக்கு எவ்வளவு குடுத்தனீங்கள்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அகதியானவன் உழைக்கலாம், அனுப்பலாம், கொண்டாட்டத்துக்குக் கடன்படலாம். ஆனால் ஒரு பயனுமில்லாத அழகொன்றை விரும்பக்கூடாது என்ற சட்டத்தை யார் எழுதியது? வெள்ளைக்காரனைவிட நாங்கள்தான் அதை இறுக்கமாகக் காவல் காக்கிறோம் போலிருக்கிறது.

ஆகவே வாங்கியதைக் குற்றமென்று சொல்வதை விட்டோம். ஆனால் அவன் எதற்குக் காசு கொடுத்தான் என்ற கேள்வி மிஞ்சியது. வாத்துக்கா? நோர்வேயில் டொனால்ட் டக் சஞ்சிகை 1948 முதல் வெளிவருகிறது. எங்கள் பிள்ளைகள் நோர்வேஜிய மொழியை எழுத்துக்கூட்டி வாசித்ததே அதில்தான். பழைய இதழ்கள் உடுப்புத் தோய்க்கும் அறையில் சும்மா கிடக்கும். அவன் காசு கொடுத்தது வாத்துக்கல்ல, 150 என்ற எண்ணுக்கு.

அந்த எண் எப்படி உண்டாகிறது? சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் படத்தின் வடிவைப் பதித்து, அதனூடாக மையைத் தள்ளி அச்சிடுகிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு வலை. ஆயிரம் பிரதியும் எடுக்கலாம். தீர்மானித்த தொகை முடிந்ததும் வலையைக் கழுவி வடிவை அழித்துவிடுவார்கள். செப்புத் தகட்டில் அச்சிடுகிறவர்கள் தகட்டின் குறுக்கே கீறிவிடுவதும் உண்டு. பலருக்குக் கொடுப்பதற்கென்றே பிறந்த கலையான அச்சுக்குச் சந்தை இப்படி வேலி போடுகிறது. 1981 இல் அண்டி வோர்ஹோல் மிக்கி மவுஸை அச்சிட்டபோதும் 200 என்று எல்லை வைத்தார்கள். 2019 இல் கோஸ் என்பவர் சிம்சன்ஸ் உருவங்களை வைத்து வரைந்த ஓவியமொன்று ஹொங்கொங்கில் 11 கோடி ஹொங்கொங் டொலருக்கு மேல் போனது.

இந்த நகரத்துப் புஷ்வாக்னரையும் நினைக்கவேண்டும். 1969 தொடக்கம் 1975 வரை 'சொஃப்ட் சிட்டி' என்ற சித்திரக்கதையை வரைந்தவர். ஒரே முகமுள்ள மனிதர்கள் காலையில் காரில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் நகரத்தின் கதை அது. கைப்பிரதி தொலைந்து, பல வருடங்களின் பின் கிடைத்து, 2008 இல்தான் புத்தகமானது. வறுமையில் தன் படங்களையே கைநழுவ விட்டு, பின்னர் வழக்காடி மீட்டார். 2018 இல் இறந்தார். அவருடைய அச்சுப்படங்களும் எண்ணிட்டு விற்கப்பட்டவைதான். எண் இல்லாவிட்டால் விலை இல்லை, விலை இல்லாவிட்டால் வரைகிறவனுக்குச் சோறு இல்லை. இதை மறுக்க எங்களால் முடியாது. தவிர, இதற்குமேல் அடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துக் காப்பதும் ஒரு நேர்மைதான்.

என்றாலும் மனம் ஒப்பவில்லை. தட்டுப்பாடு எங்களுக்குப் புதிதல்ல. நாங்கள் குழந்தைகளாயிருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சானது. ஒரு பத்திரிகையை ஒரு ஒழுங்கையே வாசித்தது. சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி, அட்டை கிழிந்து, ஊசிநூலால் தைக்கப்பட்டு எங்கள் கைக்கு வந்தார். எத்தனை கை மாறியதோ அத்தனை மதிப்பு அந்தப் புத்தகத்துக்கு. நாங்கள் பிறக்கமுன், 1981 இல், யாழ் நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. ஒரேயொரு பிரதியாக இருந்தவையும் அவற்றோடு போயின. ஒரே பிரதி என்பது எங்களுக்குப் பெருமையாக இருந்ததில்லை. அது பயம். இன்னொரு பிரதி எடுத்திருக்கலாமே என்ற ஏக்கம்.

இல்லாமையால் ஒன்று அரிதாவதும், அரிதாக்கவேண்டுமென்றே இல்லாமற் செய்வதும் ஒன்றல்ல. முன்னதைப் பட்டவர்கள் பின்னதில் பங்கெடுக்கும்போது கொஞ்சம் கூச்சமாவது இருக்கவேண்டாமா?

அவன் அந்தப் படத்தைக் குழாய்க்குள் சுருட்டி, நிலவறைச் சாமான் அறையில் வைத்திருக்கிறான். வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும், விரல் பட்டால் விலை இறங்கும் என்கிறான். எங்களுடைய வழக்கு இப்போது இதோடு மட்டும்தான். வாங்கியது பிழையில்லை, எண்ணும் பிழையில்லை. பார்க்கவென்று பிறந்த ஒன்றைப் பார்க்கவிடாமல் வைத்து, விலைக்காகக் காத்திருப்பதுதான் பிழை. ஊர்ப் பிள்ளைகள் பத்துப்பேர் தொட்டுக் கிழித்த மாயாவியில் இருந்த உயிர் அந்தக் குழாய்க்குள் இல்லை.

அவனுடைய வீட்டுச் சுவரில் மாட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பிரேம் போடும் செலவில் பங்கு தருவதாகவும் சொல்லியிருக்கிறோம். அவன் இன்னும் யோசிக்கிறான்.