கையும் பெயரும்

ஜித்தாவின் ஷரஃபியாவில் ஓர் அறைக்குள் எட்டுப்பேராக நாங்கள் வாழ்ந்த காலத்தில், வெள்ளிக்கிழமைகளில் ஒரு தகரப்பெட்டி திறக்கப்படும். எங்களில் ஒருவர் ஊரிலிருந்து உடுப்புகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்த பழைய சித்திரக்கதைப் புத்தகங்கள் அதற்குள் இருந்தன. மலையாளியின் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து முறைவைத்து வாசிப்போம். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் வேதாளர் கதைகளுக்குத்தான் போட்டி அதிகம். ஒருநாள் எங்களில் இளையவன் கேட்டான்: "அண்ணை, இதைக் கீறினது ஆர்?" எவருக்கும் தெரியவில்லை. வேதாளரின் குதிரைக்கும் ஓநாய்க்கும் பெயர் தெரிந்த எங்களுக்கு, அவற்றைக் கீறிய கையின் பெயர் தெரியாது. அதற்கு முன் நாங்கள் அதைத் தேடியதும் இல்லை.

அறை கலைந்து, ஆளுக்கொரு நாடாகச் சிதறிய பின்னரே அந்தப் பெயர்களை அறிந்தோம். வேதாளரை 1936இல் உருவாக்கியவர் லீ ஃபோல்க். முதலில் ரே மூரும் பின்னர் வில்சன் மக்கோயும் வரைந்தார்கள். 1961இல் மக்கோய் இறந்த பின் பொறுப்பேற்றவர் சை பாரி. 1928இல் பிறந்த இவர், அதற்கு முன் சித்திரக்கதை இதழ்களில் வேறு ஓவியர்களின் பென்சில் கோடுகளுக்கு மையிட்டவர். பத்திரிகைத் தொடர் ஓவியரான அண்ணன் டான் பாரிக்குத் துணையாக இருந்தவர். 1994இல் ஓய்வுபெறும்வரை, 33 ஆண்டுகள் வேதாளரைக் கீறினார். முத்து காமிக்ஸில் வேதாளராகவும் ராணி காமிக்ஸில் மாயாவியாகவும் நாங்கள் கண்ட பக்கங்கள் பலவற்றில் இருந்தது அவருடைய கறுப்புத்தான். ஆனால் வேதாளர் அவருடைய சொத்தல்ல. உரிமை கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்துக்குரியது. கை மாறினாலும் தொடர் நிற்காது.

சுப்பர்மேன் கதை இன்னும் கடுமையானது. ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 1938இல் அதன் உரிமையை 130 டொலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். பிறர் கோடி கோடியாய்ச் சம்பாதிக்க, ஷுஸ்டரின் கண்பார்வை மங்கி, வறுமை சூழ்ந்தது. சக ஓவியர்கள் குரல் கொடுத்த பிறகு, 1975இல்தான் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும், படைத்தவர்கள் என்ற பெயரும் கிடைத்தன.

இது அநியாயம் என்று சொல்வது இலகு. ஆனால் அன்று அறையில் எலக்ட்ரீசியனாக இருந்த நண்பர் சொன்னதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. "கூலி வாங்கியாச்சு, கணக்கு முடிஞ்சுது. நான் வயர் இழுத்த கட்டிடத்தில என்ரை பேரை ஆர் எழுதி வைச்சிருக்கினம்?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் இக்காமாவில் கஃபீலின் பெயர் இருந்தது. நாங்கள் கட்டிய சுவர்களில் எங்கள் பெயர் இருக்கவில்லை. மேசன் கையொப்பமிடாதபோது ஓவியன் மட்டும் ஏன் இடவேண்டும்?

கூலி என்பது செலவழித்த நேரத்துக்கான விலை. அதை வாங்கியதும் அந்தக் கணக்கு முடியும்தான். ஆனால் ஒரு வேலையைச் செய்தவர் இன்னார் என்பது உண்மை. உண்மையைக் கூலி கொடுத்து அழிக்க முடியாது. ஆகவே மேசனுக்கும் பெயர் உரியதே. ஓவியனுக்குக் கிடைத்தது மேசனுக்குக் கிடைக்கவில்லை என்பது, ஓவியனிடமிருந்து அதைப் பறிக்கக் காரணம் ஆகாது.

ஆனால் பெயர் புகழுக்கு மட்டும் உரியதா? வேதாளர் கதையை இன்று விரித்தால் மனம் கூசுகிறது. காட்டு மக்கள் பணிந்து நிற்க, ஒரு வெள்ளையர் பரம்பரை தலைமுறை தலைமுறையாக நீதி வழங்குகிறது. பின்னர் லுவாகா என்ற கறுப்பின ஜனாதிபதி கதைக்குள் வந்தாலும் அந்தச் சிம்மாசனம் அகலவில்லை. எங்களை ஆண்டவர்களின் முகத்தையே வீரனின் முகம் என்று நாங்கள் ரசித்திருக்கிறோம். கீறியவரின் பெயரைச் சொல்லும்போது அந்தச் சிம்மாசனத்தையும் அவர் கணக்கில்தான் எழுதவேண்டும். பெயர் கேட்பவன் பழிக்கும் முகவரி கொடுக்கிறான்.

இங்கேதான் எங்கள் நிலை சங்கடமாகிறது. ஒரு கட்டிடத்தில் மேல்மாடிகளுக்கு எர்த் வயர் இழுக்கவேண்டாம் என்றார் ஃபோர்மன். நேரமில்லை, செலவு. எங்களில் இருவர் அந்த வேலையைச் செய்தார்கள். மற்றவர்களுக்கும் தெரியும். அன்றிரவு எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னோம்: "எங்கடை பேரிலையா இருக்கு?" பெயரில்லாமல் இருப்பதைப் பற்றிப் புலம்பிய அதே வாய்கள் அந்தப் பெயரின்மைக்குள் ஒளிந்துகொண்டன. அந்த மாடிகளில் பிள்ளைகளோடு குடும்பங்கள் குடியேறியிருக்கும்.

சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், ஊருக்குத் திருப்பியனுப்பியிருப்பார்கள், ஊரில் யுத்தம். இவை பொய்யில்லை. பயந்தவனின் குற்றம் பயமுறுத்தியவனின் குற்றத்திலும் சிறியது. எனினும் அது பூச்சியமல்ல. பெயர் மறுக்கப்பட்டவனுக்கும் கை இருக்கிறது; கை செய்ததை அவன் அறிவான்.

தகரப்பெட்டியில் இருந்த புத்தகங்களில் ஒன்று இப்போது எங்களிடம் இருக்கிறது. அட்டை கழன்றுவிட்டது. முதல் பக்கத்தில் சை பாரி என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறோம். அந்தக் கட்டிடத்தைப் பற்றி எங்கும் எழுதவில்லை. இதுதான் முதல் தடவை.