வெள்ளைக் கணக்கு

கிராமத்தில் பனி கொட்டினால் அழகு. நகரத்தில் கொட்டினால் அவஸ்தை. பனி கொட்டுகிற நாடுகளில் பலரும் சொல்வது இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஜப்பானில் ஷிரகாவாகோ என்று ஒரு கிராமம். கை கூப்பினாற்போல் செங்குத்தான கூரை வேய்ந்த வீடுகள். 1995-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் கூரைகள் பனி போர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்க்க பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வருகிறார்கள். புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான், சத்தத்தை உறிஞ்சிவிடும். ஊரே தியானத்தில் இருக்கிற மாதிரி அமைதி.

நியூயார்க்குக்கு வாருங்கள். 2016 ஜனவரியில் சென்ட்ரல் பார்க்கில் 27.5 அங்குலப் பனி. அங்கே லாரிகள் ராத்திரியெல்லாம் வழித்துத் தள்ளும், உப்பைத் தூவும். அப்புறம் தெருவோரமெல்லாம் கறுப்புச் சேறு. இதை யார் ரசிப்பார்கள்?

காமர்ஸ் படித்த புத்தி இங்கேதான் குறுக்கே வருகிறது. ரசிப்பது வரவு. சரி, செலவு யார் பேரில்?

2005-06 குளிர்காலத்தில் ஜப்பானில் கடும்பனிக்கு 150 பேருக்கு மேல் பலியானார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். கூரைப் பனியை அள்ளும்போது விழுந்தவர்கள் அதில் நிறைய. பிள்ளைகள் பிழைப்புக்கு நகரம் போய்விட்டார்கள். பாரம் ஏறினால் வீடு தாங்காது. வேறு யார் ஏறுவார்கள்? பார்க்க வந்தவர் கையில் கேமரா. பெரியவர் காலடியில் ஏணி.

நகரத்துக் கதை? 2022 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோவில் பனிப்புயல். பனி வழிக்கும் வண்டிகளும் ஆம்புலன்ஸ்களுமே சிக்கிக்கொண்டன. தெருவெல்லாம் அப்பழுக்கில்லாத வெள்ளை. நகரமும் சுற்றுவட்டாரமுமாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அப்படியானால் ஒரு தெரு வெள்ளையாகவே கிடக்கிறது என்றால் என்ன அர்த்தம்? உதவிக்கு இன்னும் யாரும் வரவில்லை என்று அர்த்தம். கறுப்புச் சேறு என்றால்? யாரோ ராத்திரி தூங்காமல் வேலை பார்த்திருக்கிறார்கள். நர்ஸம்மா டூட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைக்குப் பால் வந்துவிட்டது.

அதுக்காகப் பனியை ரசிக்கவே கூடாதா? தாராளமாக ரசியுங்கள். நாம் கண்ணை மூடிக்கொள்வதால் கூரையில் ஏறியவரின் பாரம் ஒரு கிலோகூடக் குறையாது. ரசித்த கையோடு பக்கத்து வாசலையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள், போதும். அங்கே ஒரு பெரியவர் தனியாகப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தால், அந்த ஷவலை வாங்கி நாலு தள்ளு தள்ளிக் கொடுக்கலாம்.

கை கொஞ்சம் வலிக்கும். அதனால் பனியின் அழகு ஒன்றும் குறைந்துவிடாது.