அச்சிட்ட திருவுருவும் வழிபாடும்

ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களின் மாரியம்மன் கோயில்களுள் பல, லயங்களுக்கு அருகே மரத்தடியில் நட்ட சூலமும் கல்லுமாகத் தொடங்கிப் பின்னர்க் கட்டடமானவை. பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் முகப்புக்கு, அலுமினியக் கூட்டுத் தகட்டில் யூவி அச்சு முறையால் அம்மனின் உருவைப் பதிப்பதானால், எந்திரம் பதித்த அவ்வுருவைத் தொழுவது தகுமா என்னும் வினா எழுகிறது.

சிற்ப நூல்கள் முழுவடிவில் சமைத்ததைச் சித்திரம் என்றும், ஒருபுறம் மட்டும் புடைத்திருப்பதைச் சித்திரார்த்தம் என்றும், சுவரிலோ துணியிலோ வண்ணத்தால் தீட்டியதைச் சித்திராபாசம் என்றும் பகுத்து, மூன்றையும் திருவுருவாகவே கொள்கின்றன. நீர் பட்டால் கெடும் ஓவியத்துக்கு மாற்றாகக் கண்ணாடியில் விழும் அதன் பிம்பத்தை நீராட்டும் மரபும் உண்டு. இதே மாகாணத்தில் மொனராகலை மாவட்டத்துக் கதிர்காமத்தில், மூலத்தானத்தை மறைத்துத் தொங்கும் திரையில் வள்ளி தெய்வயானையோடு தீட்டப்பட்ட முருகன்முன் நின்றே அடியார் உருகுகின்றனர். தீட்டிய துணி தொழத்தக்கதாயின், தகடு என்னும் காரணத்துக்காக மட்டும் அச்சுருவை விலக்க இயலாது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் 12ஆம் சூத்திரம் அடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே கண்டு தொழச் சொல்கிறது. எங்கும் பாலில் நெய்போல் மறைந்திருக்கும் இறைவன் அங்கே தயிரில் நெய்போல் விளங்குகிறான் என்பது சைவர் தரும் விளக்கம்.

ஆயினும் உருவைத் தாங்கும் பொருள் எப்படியிருந்தாலும் ஒன்றே என்று இதனால் ஆகிவிடாது. பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள இத்தகடு, பொலியெத்திலீன் நடுப்படையின் இருபுறமும் மெல்லிய அலுமினியத் தாள்கள் ஒட்டப்பட்டது. யூவி மை இதனுள் ஊறுவதில்லை. புறவூதாக் கதிர் பட்டதும் மேற்பரப்பிலேயே இறுகுகிறது. ஆகையால் மை பிடிப்பதும் உரிவதும் அப்பரப்பின் தூய்மையையே பெரிதும் சார்ந்தவை. பாதுகாப்புப் படலத்தை உரிக்கும்போது உண்டாகும் நிலைமின்னேற்றம் தூசியை இழுக்கிறது, படலத்தின் பசையும் விரலின் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாமல் தங்குகின்றன. பிசிறு உதிராத துணியை ஐசோப்புரோப்பைல் அற்ககோலில் நனைத்து, துணியின் முகத்தை அடிக்கடி மாற்றி ஒரே திசையில் துடைத்து, ஈரம் முற்றும் ஆறியபின், தகட்டின் பூச்சு வேண்டினால் மை பற்றுவதற்கான முன்பூச்சு இட்டே அச்சிட வேண்டும். அதே தகட்டின் துண்டொன்றில் அச்சிட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்துப் பார்ப்பதும் இன்றியமையாதது.

இவ்வுழைப்பைத் தொழில்நுட்பம் என்று மட்டும் ஒதுக்குவது பிழை. பின்னப்பட்ட திருவுருவம் வழிபாட்டுக்கு ஆகாது என்பது ஆகம நெறி. துடைக்காமல் அச்சிட்ட தகட்டில், வடகீழ்ப் பருவ மழையில் நனைந்து அம்மனின் முகம் செதில் செதிலாக உதிருமாயின், அன்றாடம் கொழுந்து பறிக்கப் போகுமுன் அதைக் கும்பிட்டுச் செல்லும் பெண்ணுக்கே அநீதி இழைக்கப்படுகிறது. எனவே துடைப்பவர் செய்வதும் திருப்பணியின் ஒரு பகுதியே.

பழுதான கல்லுருவை நீரில் விடவும், மரத்தை எரிக்கவும், உலோகத்தை உருக்கவும் நூல்கள் விதிக்கின்றன. கூட்டுத் தகட்டை ஆற்றில் விடுவதும் எரிப்பதும் மண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. மேல்தாள்களைப் பிரித்து அலுமினியத்தை உருக்கக் கொடுப்பதே அவ்விதிக்கு நெருங்கிய வழி.