பக்கத்துக் கையின் வேகம்

தீப்பெட்டித் தொழிற்சாலையில், ஊர்ப் பேச்சில் தீப்பெட்டி ஆபீஸில், கூலி நேரத்துக்கு அல்ல, எண்ணிக்கைக்கு. எத்தனை கட்டையில் குச்சி அடுக்கியாயிற்று, எத்தனை பெட்டி அடைத்தாயிற்று என்பதே கணக்கு. கோவில்பட்டி வட்டாரக் கரிசல் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் இந்தக் கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள். யாரும் அதட்டி வேலை வாங்கத் தேவையில்லாத ஏற்பாடு இது. பக்கத்தில் இருப்பவள் சாப்பாட்டுக்குக்கூட எழாமல் அடைத்துக்கொண்டிருந்தால், எழுந்து போகிறவளுக்கு மனசு கேட்காது. "யாரும் இருக்கச் சொல்லவில்லை, அவளாகத்தான் இருக்கிறாள்" என்று முதலாளி சொல்லலாம். அது பொய்யும் அல்ல. ஒருத்தி தானாக முன்வந்து உழைக்கும் கூடுதல் நேரத்துக்கு வேறு யாருக்கும் பொறுப்பில்லை என்று விட்டுவிட முடியுமா?

அவளைக் குறை சொல்வதும் நியாயமாகாது. இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை தப்பினால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை, உளுந்தும் இல்லை. பிறகு வீட்டில் காசு புழங்குவது ஆபீஸ் கூலியால்தான். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இன்னும் இரண்டு மணிநேரம் இருக்கிறேன் என்பவளிடம், "உன் நல்லதுக்குச் சொல்கிறேன், வீட்டுக்குப் போ" என்று சொல்ல, அந்தக் கட்டணத்தைக் கட்டாத எவருக்கும் உரிமையில்லை.

ஆனாலும் அவளுடைய சம்மதம் அவளோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு நாளில் இவ்வளவு அடைக்கலாம் என்ற அளவு அவள் கையைப் பார்த்துத்தான் உருவாகிறது. அந்த அளவை வைத்துப் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பிரித்துவிட்டால், விரல் மரத்துப்போன ஐம்பத்தைந்து வயதுக்காரியும், பிள்ளை பெற்றுச் சில மாதங்களில் திரும்பியவளும் அதே கூலியைப் பார்க்க இருட்டும்வரை உட்கார வேண்டும். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, முதலில் உட்கார்ந்தவளுக்கும் கூடுதலாக எதுவும் மிஞ்சாது. களைப்பு மட்டும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

இந்த எண்ணிக்கைக் கூலி பிள்ளைகளையும் இழுத்தது. விடியும் முன்பே வரும் பஸ்ஸில் அவர்கள் ஆபீஸுக்குப் போனார்கள். எழுத்தாளர் பூமணி தன் 'கருவேலம்பூக்கள்' படத்தில் காட்டியது இந்த உலகத்தைத்தான். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலைக்கு வைத்தவர் கட்ட வேண்டும் என்றது. குடும்பமே அனுப்பியது என்பதால் வேலை வாங்கியவரின் பொறுப்பு குறையவில்லை.

பெரியவர்கள் விஷயத்தில் நாம் அவ்வளவு தெளிவாக இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணிநேரம் மாறாது, விரும்புகிறவர்களுக்கு மட்டுமே என்று அரசுத் தரப்பில் விளக்கினார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன; மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. பக்கத்து ஆள் சரி என்று சொன்ன பிறகு, முடியாது என்பவரின் வேலை எத்தனை நாள் நிலைக்கும்?

ஆனால் நேரத்துக்கு மட்டும் வரம்பு கட்டிக் கூலியைத் தொடாமல் விட்டால், அது ஏழையின் வயிற்றில் அடிப்பதாகும். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் துணை நின்றவர் இதே கரிசல் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. கூலி உயர்வையும் வார விடுமுறையையும் அவர்கள் சேர்த்தே கேட்டார்கள். கேட்டதில் பெரும்பகுதியை வென்றார்கள். 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், எண்ணிக்கைக்கு வேலை செய்பவருக்கு நேரக் கணக்கில் ஓர் உறுதிக் கூலி வைக்க வழி தந்தது.

முதலாளிக்கும் நெருக்கடி உண்டு, குறிப்பாகச் சிறிய ஆபீஸ்காரருக்கு. பிளாஸ்டிக் லைட்டர் ஒருபக்கம், மூலப்பொருள் விலை ஒருபக்கம். தனி ஒருவர் பெட்டி விலையை ஏற்றினால் அவர் சரக்கு தேங்கிவிடும். அதனால்தான் உற்பத்தியாளர்கள் சிவகாசியில் கூடிப் பேசி, 14 ஆண்டுகளாக ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டியை 2021 டிசம்பர் 1 முதல் எல்லோருமாக இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். பெட்டி அடைக்கும் பெண்களும் இதே போல் கூடிப் பேசி, மெதுவான கையும் எட்டு மணிநேரத்தில் நாள் கூலியை எட்டும்படி பெட்டிக்கு ஒரு விலை கேட்டால், அதைப் பேராசை என்று சொல்ல எந்த ஆபீஸ்காரருக்கும் நியாயம் இருக்காது.